டெபுட்டி டியூக்கின் நர்ஸ்

எங்கள் மாவட்டமான ஹார்லோ கவுண்ட்டியை ஆளும் மேற்பார்வைக் குழு மாதத்தில் இரண்டு வியாழக்கிழமைகள், காலை பத்து மணிக்குக் கூடும். வேலைக்குப் போகும் பெற்றோர் யாரும் வர முடியாத நேரமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். குழு அதை ஒருபோதும் மறுத்ததில்லை.

என் மனைவி வெஸ்டா இருந்தவரை அந்தக் கூட்டங்களுக்கு அவள்தான் போவாள். ஸ்லேட் க்ரீக் தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு வேலை. பள்ளிக்கூடம் கேட்கிற நிதியை முழுதாகக் கொடுங்கள் என்று ஒவ்வொரு வசந்தத்திலும் போய்ப் பேசிவிட்டு வருவாள். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். மேசைமேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு குட்டி விளக்கு எரியும். "எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "சிக்னல் எல்லாம் ஒழுங்கா எரியுது. வண்டிதான் நகர மாட்டேங்குது," என்பாள்.

ஒரு ஜனவரியில் அவள் இறந்துபோனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

எழுத வந்தது எங்கள் மகள் ஓப்பலின் மதியச் சாப்பாட்டைப் பற்றி. அப்போது அவளுக்கு ஏழு வயது. பிறந்த சில வருடங்களிலேயே வந்த சர்க்கரை நோய். மதியம் சாப்பிடுவதற்கு முன் விரலில் குத்தி ரத்தம் பார்த்து, இன்சுலின் ஊசி போட வேண்டும். வெஸ்டா அதே கட்டடத்தில் இருந்ததால் அது ஒரு விஷயமாகவே இருக்கவில்லை. அவளுக்குப் பிறகு பள்ளி நர்ஸ் கார்னெட் சைஸ்மோர் போட்டிருக்கலாம். ஆனால் குழு அந்த வருடம் நிதியைக் குறைத்ததில் கார்னெட் செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிற நர்ஸ் ஆகிவிட்டாள். ஆசிரியர்கள் ஊசியைத் தொட விதியில் இடமில்லை. மற்ற நான்கு நாளும் நான் மர அறுவை மில்லிலிருந்து மலைப்பாதையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுவிட்டுத் திரும்புவேன்.

"ரம்பத்துல விரல் போனவனுக்குக்கூட நான் இவ்வளவு லீவு குடுத்ததில்லப்பா," என்று கத்தினார் மேஸ்திரி. "எத்தன நாளைக்கு இப்படி?"

வேலை போனால் அதோடு இன்ஷூரன்ஸ் போகும். இன்ஷூரன்ஸ் போனால் இன்சுலின் போகும். அதனால் ஒரு வியாழக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு குழுவிடம் போனேன்.

பேசுகிறவர் பெயரை எழுத்தர் கூப்பிட்டார்: "வெஸ்டா காம்ப்டன்." அவள் டிசம்பரிலேயே வருடம் முழுவதற்கும் பெயர் கொடுத்து வைத்திருந்தாள். நான் எழுந்து போனேன்.

குழுத் தலைவர் க்ளெட்டஸ் ராட்லிஃப் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவர் மெத்தைக் கடை வைத்திருப்பவர்.

"நீங்கதான் வெஸ்டா காம்ப்டனா?"

"அவ புருஷன் சார்."

"ஒருத்தர் நேரத்த இன்னொருத்தருக்கு மாத்த முடியாதே. அவங்க எங்க?"

"இறந்துட்டா சார்."

தலைவர் கவுண்ட்டி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வர முடியாதுன்னு முன்கூட்டியே தகவல் குடுத்தாங்களா?"

"பேப்பர்ல போட்டிருந்தோம் சார்."

"அப்ப முறையான அறிவிப்புதான். பேசலாம்."

பச்சை விளக்கு எரிந்தது. தலைவர் எழுந்து இரங்கல் சொன்னார். மிக அழகாகச் சொன்னார். வெஸ்டா இந்தக் குழுவுக்கு ஒரு தூண்டுகோல் என்றார்; இரண்டு இடத்தில் அவளை வேரா என்றும் சொன்னார். எல்லோரும் தலைகுனிந்து நின்றோம். நிமிர்ந்தபோது மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரங்கல் என் மூன்று நிமிடக் கணக்கில் போயிருந்தது.

"பள்ளிக்கு தினமும் நர்ஸ் வேணும் சார், என் பொண்ணு..." என்றேன். சிவப்பு.

பொதுமக்கள் சொன்னதற்குக் குழு பதில் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் தலைவர் பொதுவாகப் பேசலாம். அதற்கு விளக்கு கிடையாது.

"பள்ளிக்கூடங்கள நாங்க நேசிக்கலன்னு யாரும் சொல்ல முடியாது," என்றார் ராட்லிஃப். "நானே ஒரு காலத்துல குழந்தையா இருந்தவன். நிதி குடுக்கறது சுலபம், மக்களே. காசு இருந்தா யார் வேணா குடுத்துடலாம். குடுக்காமயே நேசிக்கறதுதான் கஷ்டம். இந்தக் குழு பல வருஷமா அந்தக் கஷ்டத்தப் பட்டுக்கிட்டு வருது. அதுக்கு ஒருத்தராவது நன்றி சொல்லியிருக்கீங்களா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கே சற்று வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு ஒரு பிரகடனம் வாசித்தார். நர்ஸ்கள் கருணை வடிவானவர்கள் என்பதாலும், குழந்தைகள் எதிர்காலத்தின் தூண்கள் என்பதாலும், கருணையும் தூணும் சந்திக்கும் இடம் பள்ளி என்பதாலும், இந்த வாரம் ஹார்லோ கவுண்ட்டியில் பள்ளி நர்ஸ் பாராட்டு வாரம் என இதனால் அறிவிக்கப்படுகிறது. தங்க விளிம்பு போட்ட சட்டத்தில் அதை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பள்ளி முதல்வர் அதை நர்ஸ் அறையில் மாட்டினார். அறை வாரத்தில் நான்கு நாள் பூட்டியிருக்கும் என்பதால் பிள்ளைகள் அதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைய கூட்டத்தில் அடுத்த விஷயம் டியூக்.

கவுண்ட்டியின் போலீஸ் தலைவரான ஷெரீஃப் வாங்கியிருந்த புதுப் போலீஸ் நாய் அது. எங்கள் பக்கத்தில் போலீஸ் நாய் என்றால் முறைப்படி பதவியேற்ற டெபுட்டி, அதாவது ஷெரீஃபுக்குக் கீழே ஒரு போலீஸ் அதிகாரி. அதற்குப் பேட்ஜ் உண்டு. ஷெரீஃப் அதன் முன்காலைத் தூக்கி பைபிள்மேல் வைத்தார். வக்கீல் உறுதிமொழியை வாசித்தார். டியூக் கொட்டாவி விட்டது. அதை ஒப்புதலாக எழுத்தர் பதிவு செய்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

துணைத் தலைவர் ஓடெல் மேகார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு நவம்பரிலும் மான் சுட்டு, தன் கையாலேயே குடலெடுத்து உரித்துத் தொங்கவிடும் ஆறரை அடி மனிதர் அவர். "இவன் நமக்காக உயிரக் குடுக்கப்போறவன்," என்றார். "இவனுக்கு ஒண்ணுன்னா பக்கத்துல பாத்துக்க ஆள் வேண்டாமா? பணத்தப் பாத்துக் கருணைய அளக்கற ஆள் நான் இல்ல."

டெபுட்டிக்கு ஒரு மருத்துவ உதவியாளர், வாரம் நான்கு நாள், ஒரு வேனுடன். ஒருமனதாக நிறைவேறியது. வேலைக்கு ஆள் தேடினார்கள். கவுண்ட்டியிலேயே நான்கு நாள் சும்மா இருந்த ஒரே நர்ஸ் கார்னெட் சைஸ்மோர்தான்.

சில நாள் கழித்துப் பெட்ரோல் பங்க்கில் அவளைப் பார்த்தேன். வேனின் பின் இருக்கையில் டியூக் உட்கார்ந்திருந்தது.

"நாய்க்கு நர்ஸா, மிஸ் கார்னெட்?"

"சம்பளம் தராங்க காம்ப்டன். எனக்கும் வீடு இருக்கில்ல? காலைல நாடி பாக்கறேன், மத்தியானம் நாடி பாக்கறேன், சாயங்காலமும் பாக்கறேன். கல்லு மாதிரி இருக்கான். சில சமயம் எனக்கே பாத்துக்கறேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஓப்பலுக்கு மத்தியானம் யார் போடறா?"

"நான்தான்."

"மில் சும்மா விடுதா?"

அவள் டியூக்கைப் பார்த்தாள். டியூக் என் சாண்ட்விச் பொட்டலத்தைப் பார்த்தது.

வானெட்டா ஸ்டில்ட்னரிடம் இதைச் சொன்னேன். முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். நான்கு பிள்ளைகள், நான்கும் ஸ்லேட் க்ரீக்கில். குழுவில் இருக்கும் ஐந்து பேரின் மனைவிமாருக்கும் சாயம் போடுகிறவள் என்பதால் அவளுக்குத் தெரியாத அரசியல் இல்லை.

"நம்ம தப்பு என்ன தெரியுமா?" என்றாள். ஐஸ்கிரீம் கடை வாசலில் பெற்றோர் சிலர் கூடியிருந்தோம். "பிள்ளைங்களுக்குன்னு கேக்கறோம். பிள்ளைங்களுக்குக் கேட்டா எவன் தருவான்? பிள்ளைக்கு வாலு இருக்கா? பேட்ஜ் இருக்கா?"

"அதுக்கு?"

"நர்ஸக் கேக்காத. நாயக் கேளு. நாய் எங்க போகுதோ நர்ஸும் அங்க போகணும்ல?"

அடுத்த கூட்டத்தில் அவளே பேசினாள். "தலைவர் ஐயா, எங்க பள்ளிக்குப் பாதுகாப்பு வேணும். டெபுட்டி டியூக்க அங்க போடுங்க." அவ்வளவுதான். ஓடெல் முன்மொழிந்தார், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வழிமொழிந்தார்கள். விளக்கு பச்சையிலேயே இருந்தது.

"இத முதல்லயே கேட்டிருக்கலாமே மிஸ் வானெட்டா," என்றார் ராட்லிஃப். "பள்ளிக்கூடம்னு வந்து நின்னா இந்தக் குழு என்னிக்காவது இல்லன்னு சொல்லியிருக்கா?"

நர்ஸ் அறைக்கு டெபுட்டி டியூக் பணியறை என்று பெயர் வைத்தார்கள். நாடா வெட்ட ஐந்து பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு கத்தரிக்கோல்.

பள்ளிக் கூரை ஆறேழு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மழைநாளில் வகுப்பில் பிள்ளைகளைவிட வாளிகள் அதிகம் இருக்கும். மார்ச் மாதத்தில் ஒரு சொட்டு டியூக்கின் மூக்கில் விழுந்தது. ஷெரீஃப் படம் எடுத்துப் போட்டார். சனிக்கிழமைக்குள் கூரைக்காரர்கள் வந்து டியூக்கின் அறைக்கு மேலே மட்டும் புதுத் தகடு வேய்ந்துவிட்டுப் போனார்கள். பள்ளி முதல்வர் நல்ல மனிதர், வாயில்லாப் பூச்சி. அதற்குப் பிறகு மழை பெய்தால் அவர் டியூக்கைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாகப் போய், சரியாக ஒழுகும் இடத்தில் உட்காரவைத்துவிட்டு வருவார். மே மாதத்துக்குள் பள்ளி முழுக்கப் புதுக் கூரை.

குழாயில் தண்ணீர் டீ நிறத்தில் வரும். பிள்ளைகள் குடித்தார்கள், டியூக் குடிக்க மறுத்தது. வடிகட்டி வந்தது. பிள்ளைகள் அந்தக் குழாயில் குடிக்கலாமா என்று வக்கீலிடம் கேட்டார்கள். டெபுட்டி குடித்து மீந்த தண்ணீர் உபரிச் சொத்து என்றும், உபரிச் சொத்தைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம் என்றும் அவர் எழுதிக் கொடுத்தார்.

நர்ஸ் விஷயத்தில்தான் அவர் கறாராக இருந்தார். கார்னெட் டெபுட்டிக்கு மட்டுமே சிகிச்சை தரலாம். வேறு யாருக்காவது தர வேண்டுமானால், பணியில் இருக்கும் டெபுட்டி அந்த நபர்மீது அக்கறை காட்டியிருக்க வேண்டும்.

"அக்கறைன்னா?" என்று கேட்டாள் கார்னெட்.

"மோந்து பாத்தாப் போதும்," என்றார் வக்கீல்.

மறுநாளிலிருந்து ஸ்லேட் க்ரீக்கில் ஒரு பிள்ளையும் சட்டைப்பையில் பொலோனா இறைச்சித் துண்டு இல்லாமல் பள்ளிக்குப் போகவில்லை. முழங்கால் சிராய்ந்தால் முழங்காலில் தேய்த்துக்கொண்டார்கள். தலைவலி என்றால் நெற்றியில். டியூக் ஓடி வந்து ஆழ்ந்த அக்கறை காட்டும். கார்னெட் பெட்டியைத் திறப்பாள். மணி பன்னிரண்டு அடித்தால் ஓப்பல் தன் துண்டோடு போய் நிற்பாள். டியூக் மோந்து பார்க்கும், தின்னும். அப்புறம் விரலில் குத்து, வயிற்றில் ஊசி, சாப்பாடு.

நான் மதியத்தில் மில்லை விட்டு நகரவில்லை.

"என்னப்பா, பொண்ணுக்குக் குணமாயிடுச்சா?" என்றார் மேஸ்திரி.

"இல்லண்ணே. போலீஸ் பாத்துக்குது."

அவர் ரம்பத்தின் பக்கம் போய்விட்டார்.

நிதிநிலைக் கூட்டத்தில் ராட்லிஃப் மார்பை நிமிர்த்திக்கொண்டு பேசினார். "ஸ்லேட் க்ரீக் பள்ளிக்குத் தேவையான அத்தனையும் முழுசாக் குடுத்தாச்சு. கூரை, தண்ணி, வைத்தியம், எதுலயும் குறை வைக்கல. இவ்வளவும் ஒரு டெபுட்டிக்குக் கிடைக்கறதப் பிள்ளைங்க பக்கத்துலயே இருந்து பாக்கறாங்க. இதவிட ஒரு பிள்ளைக்கு என்ன படிப்பு வேணும்?"

கெட்டது பொலோனாவால் வந்தது. இருநூறு பிள்ளைகளின் காயமும் காய்ச்சலும் டியூக்கின் வயிற்றில் இறங்கியிருந்தன. இலையுதிர் காலத்தில் பேட்ஜ் மாட்டும் வார் கழுத்துக்கு எட்டவில்லை. வேனில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. ஷெரீஃப் வைத்த ஓட்டத் தேர்வில் அது வேலிவரை நடந்து போய், வேலியைப் பார்த்து, படுத்துக்கொண்டது. உடல்தகுதி இழந்ததாக ஓய்வு கொடுத்தார்கள். துப்பாக்கி மரியாதை, ஓய்வூதியம், ராட்லிஃப் கடையிலிருந்து ஒரு மெத்தை. டியூக் ஷெரீஃப் வீட்டுக்குப் போனது.

புது நாய் வெளிநாட்டிலிருந்து வர ஒரு வருடம் ஆகும் என்றார்கள். நோயாளி இல்லாததால் கார்னெட்டின் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. நான் மறுபடி மதியத்தில் வண்டியை எடுத்தேன்.

மேஸ்திரி இந்த முறை கத்தவில்லை. "மேல இருந்து சொல்லிட்டாங்க. இந்த மாசம் பாப்பேன். அப்புறம் என் கையில இல்ல," என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும்.

அதை வானெட்டாவிடம் சொன்னபோது அவள் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை நிறுத்தினாள். "அந்த வேலை காலியாத்தானே இருக்கு?" என்றாள். "ஓப்பலுக்கு ஒரு நல்ல கவுன் போட்டுக் கூட்டிட்டு வா."

அந்த வியாழக்கிழமை வானெட்டா எழுந்து நின்று, காலியாக இருக்கும் டெபுட்டி பதவிக்கு ஓப்பல் காம்ப்டன் விண்ணப்பிப்பதாகச் சொன்னாள். ஓப்பல் என் பக்கத்தில் நீலக் கவுனில் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அது நாயோட வேலைம்மா," என்றார் ராட்லிஃப்.

"அப்படின்னு எங்க இருக்கு? இந்தக் கவுண்ட்டியில குடியிருக்கணும். சொன்ன பேச்சு கேக்கணும். குற்றம் எதுவும் செஞ்சிருக்கக் கூடாது. மோப்ப சக்தி இருக்கணும். இவ்வளவுதானே தகுதி? நாலு கால் வேணும்னு போட்டிருக்கா?"

வக்கீல் நெடுநேரம் புரட்டினார். "நாய்னு எங்கயும் போடல," என்றார் கடைசியில். "எல்லாருக்கும் தெரியுமேன்னு விட்டிருக்கோம்."

ராட்லிஃப் மறுத்துவிடத்தான் வாயைத் திறந்தார். ஓடெல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒலிபெருக்கி திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "தேர்தல் வருஷம் க்ளெட்டஸ்! காலியா இருக்கற போலீஸ் வேலைய நிரப்ப விடலன்னு எவனாவது நோட்டீஸ் அடிச்சா? பிள்ளைங்களுக்கு எதிரா எத்தன தடவை வேணா ஓட்டுப் போடறேன், போலீசுக்கு எதிரா ஒரு தடவைகூடப் போட மாட்டேன்!"

ராட்லிஃப் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"கடிக்குமா?"

"சர்க்கரை ரொம்பக் குறைஞ்சா கடிப்பா சார்," என்றேன்.

"காரணமில்லாம குரைக்குமா?"

"பேசுவா. நிறையப் பேசுவா."

"எலி பிடிப்பேன்," என்றாள் ஓப்பல்.

"கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது," என்றார் வக்கீல். ஓப்பல் பைபிள்மேல் கை வைத்து உறுதிமொழியைச் சொன்னாள். டியூக்கைவிடத் தெளிவாகச் சொன்னாள். ஐந்து பேரும் கை தூக்கினார்கள். பேட்ஜைக் குத்தினார்கள்.

கூட்டம் இழுத்துக்கொண்டு போனதில் மணி பன்னிரண்டாகியிருந்தது. டெபுட்டி பதவியேற்ற நொடியில் கார்னெட்டின் வேலையும் உயிர்பெற்றுவிட்டது. பின்வரிசையில் காத்திருந்த அவள் பெட்டியோடு முன்னால் வந்து மண்டியிட்டாள்.

"இங்கயேவா?" என்றார் ராட்லிஃப்.

"டெபுட்டிக்குச் சாப்பாட்டு நேரம்ங்க."

ஓப்பல் விரலை நீட்டினாள். ஒரு துளி ரத்தம். பிறகு கவுனைத் தூக்கிப்பிடித்து, உச்சி விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெஸ்டா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. இத்தனை வருடமாக இந்த அறையில் இதற்குத்தான் வேண்டும், வேண்டாம் என்று ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். குழுவில் ஒருவரும் இதைப் பார்த்ததில்லை.

ஊசி உள்ளே இறங்கியது. துணைத் தலைவர் ஓடெல் மேகார்ட் நாற்காலியோடு பின்பக்கம் சாய்ந்து விழுந்தார்.

"நர்ஸ்!" என்று கத்தினார் ராட்லிஃப். "யாராவது ஒரு நர்ஸக் கூப்பிடுங்க!"

கார்னெட் ஊசியை நிதானமாக மூடி வைத்தாள். "நான் டெபுட்டிக்கு மட்டும்தாங்க. மத்தவங்களப் பாக்கணும்னா டெபுட்டி அக்கறை காட்டணும்."

எல்லோரும் வக்கீலைப் பார்த்தார்கள். வக்கீல் ஆமென்று தலையை ஆட்டினார். எல்லோரும் ஓப்பலைப் பார்த்தார்கள். அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"நான் என்னப்பா பண்ணணும்?"

"மோந்து பாரு கண்ணு."

அவள் மேடை ஏறிப் போய், குனிந்து, ஆறரை அடி மனிதரை மோந்து பார்த்தாள். "காப்பி வாசனை," என்றாள்.

கார்னெட் அவர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தாள், கன்னத்தைத் தட்டினாள். கண் விழித்த ஓடெல் படுத்தபடியே கையை உயர்த்தினார். "முன்மொழிகிறேன்," என்றார் ஈனக்குரலில். "ஒரு நர்ஸ்... தினமும்... முழு நேரம்..."

பெற்றோர் வரிசையில் யாரோ அழுதார்கள். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"...இந்தக் கூட்ட அறைக்கு," என்று முடித்தார் ஓடெல்.

ஒருமனதாக நிறைவேறியது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்தக் குழு காசு பார்ப்பதில்லை என்றார் ராட்லிஃப்.

நானும் ஓப்பலும் கார்னெட்டும் வேனில் பள்ளிக்குத் திரும்பினோம். வழியெல்லாம் ஓப்பல் பேட்ஜைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பணியறை வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்திக்கு மூக்கில் ரத்தம், ஒருவனுக்கு முழங்காலில், கடைசியில் நின்ற குட்டிப் பையனுக்கு என்னவென்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. கார்னெட் கதவைத் திறந்தாள். ஓப்பல் கவுனைச் சரிசெய்துகொண்டு, வரிசையின் முனைக்குப் போய், ஒவ்வொருவரையாக மோந்து பார்க்க ஆரம்பித்தாள்.